வாளை உருவும்வரை யாரும் மதிப்பதில்லை: ஜப்பான் சினிமாவின் பார்வையற்ற நாயகன்

ஒரு ரவுடிக் கூட்டத்தின் வீடு. தலைவர் வெளியே போயிருக்கிறார். அவரைப் பார்க்க வந்த ஒரு பார்வையற்ற மனிதர், கையில் தடியோடு காத்திருக்கிறார். மொட்டைத் தலை, கசங்கிய உடை, எல்லோரிடமும் குழைகிற சிரிப்பு. உள்ளே அடியாட்கள் சூதாடிக்கொண்டிருக்கிறார்கள். 'பொழுது போகவில்லை, நானும் சேர்ந்துகொள்ளட்டுமா? பகடையை நானே உருட்டுகிறேன்' என்கிறார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொள்கிறார்கள். பார்வையற்றவர் பகடை உருட்டினால் கசக்குமா என்ன?

ஆட்டம் ரொம்ப எளிது. இரண்டு பகடைகளைக் குவளைக்குள் போட்டுக் குலுக்கி, பாயின் மேல் கவிழ்க்க வேண்டும். கூட்டுத்தொகை ஒற்றையா இரட்டையா என்று மற்றவர்கள் பணம் கட்ட வேண்டும். நம்மவர் கவிழ்க்கிறார். பகடைகள் குவளைக்குள் போகாமல் வெளியே, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி விழுந்து கிடக்கின்றன. அவருக்கு அது தெரியவில்லை. அடியாட்கள் சத்தம் போடாமல் சிரித்தபடி சரியான பக்கத்தில் பணம் கட்டி ஜெயிக்கிறார்கள். மறுபடியும் அப்படியே நடக்கிறது. பேராசை ஏற, கடைசியில் கையில் இருப்பதையெல்லாம் கட்டுகிறார்கள். அப்போது அவர் பாயைத் தடவி, 'அடடா, இது என் சட்டைக் கையிலிருந்து விழுந்துவிட்டதே!' என்று வெளியே கிடந்த பகடைகளை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு, குவளையைத் தூக்குகிறார். உள்ளே வேறு இரண்டு பகடைகள். எல்லோர் பணமும் போச்சு.

1962-ல் வெளிவந்த 'ஜடோயிச்சியின் கதை' இப்படித்தான் தன் நாயகனை அறிமுகப்படுத்துகிறது. இதுவரை அவர் வாளைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பார்வையில்லாதவனை ஏமாற்றலாம் என்று நினைத்தவர்களின் அந்த நினைப்பையே முதலீடாக வைத்து லாபம் பார்த்துவிட்டார். இந்த ஒரு காட்சிக்காகவே நான் இந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கத்திச் சண்டைப் படம் என்றால் கட்டுமஸ்தான உடம்பு, கூர்மையான பார்வை, விறைப்பான நடை என்றுதான் நாம் கற்பனை செய்வோம். ஆனால் ஜப்பானின் பழைய வாள் படங்களைத் துழாவினால் வேறொரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. பார்வையற்றவர்கள், ஒற்றைக் கண்ணர்கள், கை இழந்தவர்கள், கால் ஊனமானவர்கள், மனநலம் குன்றிய பிரபுக்கள். அவர்களில் பலர் துணைப் பாத்திரங்கள் அல்லர், நாயகர்கள்.

சாமுராய் அல்ல, உடம்பு பிடித்துவிடுபவர்

ஜடோயிச்சி சாமுராய் கிடையாது. இடுப்பில் இரண்டு வாள் செருகிக்கொள்ளும் உரிமை அன்றைய ஜப்பானில் சாமுராய்களுக்கு மட்டும்தான். இவர் சாதாரணக் குடிமகன். அதனால்தான் வாள் தடிக்குள் ஒளிந்திருக்கிறது. கை, கால், தோள் பிடித்துவிடுவது அவர் தொழில். ஊர் ஊராக நடந்து, கூப்பிட்ட வீட்டில் உட்கார்ந்து பிடித்துவிட்டு, கொடுத்த காசை வாங்கிக்கொண்டு போவார்.

இது கதாசிரியரின் கற்பனை இல்லை. எடோ காலம் என்று சொல்லப்படும் 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், ஜப்பானின் பார்வையற்ற ஆண்களுக்கென்று 'தோதோஸா' என்ற ஒரு சங்கம் இருந்தது. அரசு அங்கீகாரம் பெற்றது. உடம்பு பிடித்துவிடுவது, ஊசி வைத்தியம், பீவா, கோட்டோ போன்ற நரம்புக் கருவிகள் வாசிப்பது, வட்டிக்குக் கடன் கொடுப்பது எல்லாம் அவர்களின் தொழில்கள். சங்கத்துக்குள் நான்கு பெரிய பதவிகள் இருந்தன. உச்சியில் 'கெங்யோ'. அடியில் 'ஜடோ'. ஆக ஜடோயிச்சி என்பது முழுப்பெயரே அல்ல. 'கடைநிலைக்காரன் இச்சி' என்று கூப்பிடுகிற மாதிரி.

மேல் பதவிக்குப் போகப் பணம் கட்ட வேண்டும். திறமையும் பணமும் இருந்தவர்கள் ஏறினார்கள். 17-ம் நூற்றாண்டில் சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற வைத்தியர், மெல்லிய குழாய்க்குள் ஊசியை வைத்துத் தட்டி இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் ஜப்பானிய ஊசி வைத்தியத்தில் அதுதான் வழக்கம். அவர் ஆட்சியாளர் ஷோகுனுக்கே வைத்தியம் பார்த்தார். ஹானவா ஹோகியிச்சி என்ற இன்னொருவர், பழைய ஜப்பானிய நூல்களைத் தேடித் தொகுத்த மாபெரும் அறிஞர். சின்ன வயதில் தன் தாய் இவரை முன்மாதிரியாகச் சொல்லித் தந்ததாக ஹெலன் கெல்லர், 1937-ல் ஜப்பான் போனபோது சொன்னார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு கதை. எச்சிகோ பகுதியின் ஒரு கிராமத்திலிருந்து பார்வையற்ற ஏழை ஒருவர் எடோ நகரத்துக்கு வருகிறார். வட்டிக்கு விட்டுப் பணம் சேர்க்கிறார். கெங்யோ பதவியை வாங்குகிறார். அது போதாதென்று, தன் மகனுக்கு ஒரு சாமுராய் குடும்பத்தின் உரிமையையே விலைக்கு வாங்குகிறார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் கட்சு காயிஷு. 1860-ல் பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்கா போன கப்பலின் தலைவர். 1868-ல் எடோ கோட்டை ரத்தம் சிந்தாமல் கைமாறப் பேச்சுவார்த்தை நடத்தியவர். நிஜத்தில் ஒரு பார்வையற்றவரின் வம்சம் சாமுராய் ஆனது வாளால் அல்ல, வட்டிக்கணக்கால்!

இதை யாரும் பெரிதாகப் படமெடுக்கவில்லை. வட்டிக்கு விடும் பார்வையற்றவரை சினிமா வில்லனாகத்தான் பார்த்தது.

வில்லனாக வந்தவர் நாயகனான கதை

ஜடோயிச்சியாக நடித்த ஷிண்டாரோ கட்சு, அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1960-ல், 'ஷிரனூயி கெங்யோ' என்ற படத்தில் நடித்தார். அதிலும் பார்வையற்றவர் வேடம்தான். ஆனால் சிறுவயதிலிருந்தே திருடி, கொன்று, பெண்களைக் கெடுத்து, கெங்யோ பதவிவரை ஏறுகிற படுபாவி. உடற்குறை இருந்தால் மனசும் கோணல் என்ற பழைய சூத்திரம். பல நாடுகளின் நாடக மேடையும் சினிமாவும் காலங்காலமாக எழுதிய சூத்திரம்தான் இது. படம் பேசப்பட்டது. கட்சுவின் நடிப்பு பேசப்பட்டது.

பிறகுதான் டாயே ஸ்டுடியோ, கான் ஷிமோசாவா என்ற எழுத்தாளர் 1948-ல் எழுதிய சில பக்கங்களை எடுத்துக்கொண்டு இன்னொரு பார்வையற்றவரை உருவாக்கியது. இயக்கியவர் கென்ஜி மிசுமி. 1962 முதல் 1973 வரை 25 படங்கள். அப்புறம் 100 பாகங்களுக்குத் தொலைக்காட்சித் தொடர். 1989-ல் கட்சுவே இயக்கிய கடைசிப் படம்.

இச்சி வில்லன் இல்லை. ஆனால் சாமியாரும் இல்லை. இதுதான் முக்கியம். உடற்குறை உள்ள பாத்திரத்தை எழுத உட்காரும் கைகளுக்குப் பெரும்பாலும் இரண்டே வழிகள்தான் தெரியும். ஒன்று அரக்கன், இல்லாவிட்டால் கண்ணீர் வரவழைக்கும் புண்ணியவான். இச்சி சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார். சூதாடுகிறார். பொய் சொல்கிறார். பெண்ணின் குரலைக் கேட்டு மயங்குகிறார். ஜோக் அடித்துத் தானே சிரிக்கிறார். மழையில் வழுக்கி விழுகிறார். 1964-ல் வந்த ஒரு படத்தில், தன்னைக் கொல்ல வந்தவர்கள் தவறுதலாக ஒரு தாயைக் கொன்றுவிட, அவளுடைய கைக்குழந்தையைத் தகப்பனிடம் சேர்க்க ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். எதிரிகள் சூழ்ந்து நிற்க, குழந்தைக்குத் துணி மாற்றுகிறார். கடைசியில் தகப்பன் குழந்தையை ஏற்க மறுக்கும்போது இச்சியின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஷிண்டாரோ கட்சுவைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு இவ்வளவு நடித்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அவருடைய தொழிலையும் படம் மறப்பதில்லை. முதல் படத்தில் இச்சியும், ஹிராத்தே மிகி என்ற சாமுராயும் ஒரு குளக்கரையில் மீன் பிடிக்க உட்கார்ந்து நண்பர்களாகிறார்கள். ஹிராத்தே எதிர்க்கூட்டம் அமர்த்திய வாள்வீரன். காசநோய்க்காரன். நாள் எண்ணிக்கொண்டிருப்பவன். அவனுக்கு இச்சி தோள் பிடித்துவிடுகிறார். உடம்பைத் தொட்டதுமே நோய் இவருக்குத் தெரிந்துபோகிறது. ஒருவர் பார்வையற்றவர், ஒருவர் நோயாளி. இருவருமே ஊர் ரவுடிகள் தங்கள் சண்டைக்கு வாடகைக்கு எடுத்த கைகள். படத்திலேயே நாகரிகமாகப் பேசிக்கொள்கிறவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

பைத்தியம் பிடித்த பிரபு

அதே ஆண்டு வந்த இரண்டாம் படத்தின் தொடக்கம் இன்னும் கூர்மையானது. பயண வழியில் தங்கியிருக்கும் ஒரு பிரபுவுக்குப் பிடித்துவிட இச்சியைக் கூப்பிடுகிறார்கள். போனால், பிரபுவுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது. அந்த ரகசியம் வெளியே தெரிந்தால் மொத்த வம்சத்துக்கும் அவமானம். எனவே வேலை முடித்து வரும் பார்வையற்ற தொழிலாளியைத் தீர்த்துக்கட்ட ஆள் அனுப்புகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். பணக்கார வீட்டின் மனநோயை மறைக்க, ஏழையின் உயிர் போகலாம். இச்சியின் குறை ஊருக்கே தெரியும், கேலிக்கும் ஆளாகும். பிரபுவின் குறை பட்டுத் திரைக்குப் பின்னால் காவலோடு இருக்கும். அறுபது வருடங்களுக்கு முன் வந்த ஒரு சண்டைப் படத்தில் இத்தனை விஷயம் இருக்கிறது. அதே படத்தில் இச்சியைத் துரத்திவரும் ஒற்றைக் கை வாள்வீரன், அவருடைய சொந்த அண்ணன். அந்தக் கையை வெட்டியதே இச்சிதான். அண்ணனாக நடித்தவர் கட்சுவின் நிஜ அண்ணன் தோமிசாபுரோ வகாயாமா. பின்னாளில் 'லோன் வுல்ஃப் அண்ட் கப்' படங்களில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடந்தாரே, அவரேதான்.

தங்கமீன் வளர்க்கும் ஜாடி

இச்சிக்கு ரொம்ப முன்னாலேயே ஒருவர் இருந்தார். தாங்கே சாசென். வலது கண்ணும் வலது கையும் இல்லாத வாள்வீரன். 1927-ல் ஹயாஷி ஃபுபோ என்பவர் பத்திரிகைத் தொடர்கதையில் அறிமுகப்படுத்திய பாத்திரம். அடுத்த வருடமே சினிமாவுக்கு வந்தது. டென்ஜிரோ ஒகோச்சி நடித்தார். ஆரம்பத்தில் சாசென் ஒரு வெறிபிடித்த கொலைகாரன். வெட்டுக் காயமும் வெற்றுச் சட்டைக் கையும் பயமுறுத்தத்தான் இருந்தன.

1935-ல் சதாவோ யமனாகா என்ற இளம் இயக்குநர் இதைத் தலைகீழாக்கினார். 'தாங்கே சாசெனும் பத்து லட்சம் ரியோ ஜாடியும்' என்ற படம். புதையலுக்கு வழி சொல்லும் ஒரு பழைய ஜாடியை ஊரே தேடுகிறது. அதில் ஓர் அநாதைச் சிறுவன் தங்கமீன் வளர்த்துக்கொண்டிருக்கிறான். சாசென் ஒரு கேளிக்கை விடுதியில் காவலுக்கு இருக்கிறார். விடுதிக்காரி ஒகினோடு ஓயாத சண்டை. 'அந்தப் பையனையா? நானா? என்னால் முடியவே முடியாது' என்பார். அடுத்த காட்சியில் அதைத்தான் செய்துகொண்டிருப்பார். கண்ணும் கையும் இல்லாததைப் படம் மறைக்கவில்லை. ஆனால் அதை வைத்துக் கதை ஓட்டவும் இல்லை. சிடுமூஞ்சி வளர்ப்புத் தகப்பன், அவ்வளவுதான். மூலக் கதாசிரியருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. எனக்கு, இந்தக் கட்டுரையில் வரும் படங்களிலேயே மிகவும் பிடித்தவற்றில் ஒன்று இது. யமனாகா 1938-ல், போருக்காகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டு, நோயில் இறந்தார். வயது 28. அவர் எடுத்தவற்றில் இன்று முழுமையாகப் பார்க்கக் கிடைப்பவை மூன்றே மூன்று.

பெண்கள் எங்கே?

இச்சி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, 1969-ல் போட்டி ஸ்டுடியோ ஒரு பார்வையற்ற பெண் வாள்வீரரைக் கொண்டுவந்தது. பெயர் ஓயிச்சி. நடித்தவர் யோகோ மட்சுயாமா. 1970-க்குள் நான்கு படங்கள். கையில் அதே மாதிரி தடி வாள். நேர்மையாகச் சொன்னால், படங்கள் சுமார்தான். இச்சிக்குக் கிடைத்த சிரிப்பும் சாப்பாடும் சில்லறைத்தனமும் ஓயிச்சிக்குக் கிடைக்கவில்லை. சோகமும் அழகும் மட்டும்தான் கிடைத்தன.

நிஜத்தில் பார்வையற்ற பெண்களுக்கு வேறொரு வாழ்க்கை இருந்தது. 'கோஸே' என்று பெயர். ஷாமிசென் என்ற மூன்று நரம்புக் கருவியை வாசித்துப் பாடியபடி, முன்னால் போகிறவரின் முதுகு மூட்டையில் கை வைத்து வரிசையாகப் பனியில் நடப்பார்கள். அவர்களுக்கும் குழுவும் விதிகளும் உண்டு. ஆணோடு உறவு வைத்தால் குழுவை விட்டு விலக்கிவிடுவார்கள். கடைசி கோஸே கலைஞர்களில் புகழ்பெற்ற ஹாரு கோபயாஷி, 2005-ல் 105 வயதில் இறந்தார். கோஸேக்களைப் பற்றிய சிறந்த படமான 'ஓரின்', மசாஹிரோ ஷினோடா 1977-ல் எடுத்தது. அது வாள் படமே அல்ல. வாள் இல்லாததால்தான் அவ்வளவு உண்மையாக இருக்கிறதோ என்னவோ!

வேற்று மொழிக்காரன், வேறு மாதிரியானவன்

உடற்குறை மட்டும் அல்ல, ஊரோடு ஒட்டாத மற்றவர்களும் இந்தப் படங்களுக்குள் வந்தார்கள். 1971-ல், ஹாங்காங்கின் 'ஒற்றைக் கை வாள்வீரன்' ஜிம்மி வாங் யூவை ஜப்பானுக்குக் கூட்டிவந்து இச்சியோடு மோதவிட்டார்கள். வசூலுக்கான ஏற்பாடுதான். ஆனால் கதை வேறு மாதிரிப் போகிறது. ஒரு பிரபுவின் பரிவாரம் போகும் பாதையில் சீனச் சிறுவன் ஒருவன் ஓடிவிட, அவனுடைய பெற்றோர் கொல்லப்படுகிறார்கள். பழி சீன வாள்வீரன் மேல் விழுகிறது. இச்சி உதவ வருகிறார். அவர் பேசும் ஜப்பானியம் இவனுக்குப் புரியவில்லை. இவன் பேசும் சீனம் அவருக்குப் புரியவில்லை. ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்குக் கை இல்லை. ஆனால் அவர்களைச் சண்டைக்குத் தள்ளியது அந்த இரண்டும் அல்ல, மொழி. துரோகி என்று ஒருவரையொருவர் தவறாக நினைத்து வெட்டிக்கொள்கிறார்கள்.

1970-ல் வந்த 'தீத் திருவிழா' படத்தில் உமேஜி என்ற இளைஞன் வருகிறான். ஆண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற அச்சுக்குள் அடங்காதவன். நடித்தவர் பீட்டர் என்ற பெயரில் புகழ்பெற்ற, பெண் வேட மேடைக் கலைஞர். பிறகு அகிரா குரோசவாவின் 'ரான்' படத்தில் கோமாளியாக வந்து கலக்கினார். அதே 'தீத் திருவிழா'வில் வில்லனும் பார்வையற்றவன்தான். பெரிய தாதா. நாயகனும் வில்லனும் பார்வையற்றவர்களாக இருந்துவிட்டால், குணத்துக்கும் குறைக்கும் முடிச்சுப் போட முடியாமல் போகிறது, இல்லையா?

ஒரு சொல் காணாமல் போனது

ஓயிச்சி படங்களின் அசல் தலைப்பில் 'மெகுரா' என்ற சொல் இருக்கிறது. தமிழில் 'குருடி' என்று சொல்வதற்குச் சமம். இச்சி படங்களிலும் எதிரிகள் வாயைத் திறந்தால் அந்த வசைதான். இன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள். பழைய படங்களைக் காட்டும்போது அந்த இடத்தில் ஒலியை நிறுத்துவதும், 'அக்காலச் சொல்வழக்கு' என்று முன்குறிப்பு போடுவதும் வழக்கமாகிவிட்டது. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லுக்குப் பழகிய நமக்கும் இந்தச் சங்கடம் புரியும்.

மரியாதையான சொல் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தப் படங்களில் அந்த வசையை எடுத்துவிட்டால் இச்சியின் கோபம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போய்விடும். வசவு விழுகிற ஒவ்வொரு முறையும் கட்சுவின் சிரிப்பு ஒரு நொடி அப்படியே உறைந்து, மறுபடி தொடர்கிறது. அந்த ஒரு நொடியைக் கேட்க வேண்டுமென்றால் வசையும் கேட்டாக வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பெயர் சொன்ன நடிகர்கள் யாருமே பார்வையற்றவர்கள் அல்லர். கண் தெரிகிறவர்கள் கண்ணை மூடி நடித்து, கண் தெரிகிறவர்கள் பார்த்துக் கைதட்டிய படங்கள் இவை. வாள் வித்தை வேறு. பறக்கும் ஈ, விழும் மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் காதாலேயே கண்டுபிடித்து வெட்டும் வித்தை. நிஜத்தில் பார்வையற்ற ஒருவரிடம் 'உங்களுக்குக் காது ரொம்பக் கூர்மையாமே' என்று கேட்டு எரிச்சலூட்டுகிறோமே, அந்தக் கட்டுக்கதைக்கு இந்தப் படங்களும் தண்ணீர் ஊற்றியவைதான். 2003-ல் டகேஷி கிட்டானோ இச்சியை மறுபடி எடுத்தார். வெனிஸ் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கிய படம். முடிவைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் மன்னிக்கவும்: கிளைமாக்ஸில் இச்சி கண்ணைத் திறந்துவிடுகிறார். அது ஒரு குறும்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'அதானே பார்த்தேன், பார்வை இல்லாமல் இவ்வளவு முடியுமா' என்று நினைத்தவர்களுக்கு அது தீனி போட்டதாகவே எனக்குப் பட்டது.

சாப்பாட்டில் கண்டுபிடித்தவன்

இச்சி படங்களில் எனக்கு உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே ஏற்பாடு. கேலி செய்வார்கள், இச்சி பொறுத்துக்கொள்வார், தடியிலிருந்து வாள் வெளியே வரும், அதற்கப்புறம்தான் 'ஐயா' என்பார்கள். அப்படியானால் தடிக்குள் வாள் இல்லாத மற்ற ஜடோக்கள்? பகலெல்லாம் பிடித்துவிட்டு, அரைக்காசு வாங்கி, வசவையும் வாங்கிக்கொண்டு போனவர்கள்?

அதற்குப் பதில் சொல்கிற மாதிரி ஒரு படம் 2006-ல் வந்தது. யோஜி யமாதா இயக்கிய 'புஷி நோ இச்சிபுன்'. ஆங்கிலத்தில் 'லவ் அண்ட் ஹானர்' என்று கிடைக்கும். டகுயா கிமுரா நடித்த ஷின்னோஜோ, சாமுராய்தான். ஆனால் அவன் வேலை, பிரபு சாப்பிடுவதற்கு முன் அந்த உணவைச் சாப்பிட்டுப் பார்ப்பது. சம்பளம் வருடத்துக்கு 30 கொக்கு அரிசி. ஒரு கொக்கு என்பது ஒரு ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அளவு என்று கணக்கு. வேலையில் சலிப்பு. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் வாள் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வைக்க ஆசை. ஒருநாள் சோதித்துச் சாப்பிட்ட சிப்பி உணவில் நஞ்சு. பிரபு பிழைத்தார். இவன் கண் போனது.

அதன் பிறகு படம் எங்கும் ஓடுவதில்லை. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. செத்துவிடலாம் என்கிறான். மனைவி கயோ தடுக்கிறாள். உறவினர்கள் கூடி உட்கார்ந்து, இவனை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்க்கும் காட்சி இருக்கிறது. எந்த நாட்டுக் குடும்பத்துக்கும் புரியும் காட்சி. சம்பளம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் கயோ ஒரு மேலதிகாரியிடம் உதவி கேட்கப் போக, அவன் அவளைப் பயன்படுத்திக்கொள்கிறான். விஷயம் தெரிந்த ஷின்னோஜோ அவளை வீட்டை விட்டு அனுப்பிவிட்டு, அந்த அதிகாரியைச் சண்டைக்கு அழைக்கிறான்.

சண்டை உண்டு. ஆனால் அது வித்தை இல்லை. கண் தெரியாதவன் ஒரே இடத்தில் நின்று, பயந்து, காத்திருந்து, ஒரே ஒரு முறை வீசும் வாள். அதுவும் இந்தப் படத்தின் உச்சம் கிடையாது. அதற்குப் பிறகு ஒருநாள் வீட்டுக்குச் சமைக்கப் புதிதாக ஒரு பெண் வந்திருப்பதாக வேலையாள் சொல்கிறார். ஷின்னோஜோ ஒரு வாய் எடுத்து வைக்கிறான். அந்தக் கைப்பக்குவம் அவனுக்குத் தெரியும். சாப்பாட்டைச் சோதித்துப் பார்ப்பதே தொழிலாக இருந்தவன் அல்லவா!

குரோசவா இன்னும் கடுமையானவர். 1985-ன் 'ரான்' படத்தில் சுரூமாரு என்ற இளைஞன் வருகிறான். கோட்டையைப் பிடித்தபோது இவன் கண்களைப் பிடுங்கியவர் கிழவர் ஹிதெத்தோரா. அவரே பித்துப் பிடித்து, ஒரு புயல் இரவில் இவன் குடிசைக்குள் ஒதுங்குகிறார். சுரூமாரு அவருக்குப் புல்லாங்குழல் வாசிக்கிறான். கொடுக்க வேறு எதுவும் என்னிடம் இல்லை என்கிறான். அவனுக்கு வித்தை எதுவும் கிடையாது. கடைசியில் இடிந்த கோட்டை மதிலின் விளிம்பில், திரும்பி வராத அக்காவுக்காகத் தனியாக நின்றுகொண்டிருக்கிறான். ஊன்றுகோல் வெற்றிடத்தில் தட்டுப்பட, திடுக்கிட்டுப் பின்வாங்குகிறான். கையிலிருந்த புத்தர் படச்சுருள் கீழே விழுகிறது. படம் அங்கேயே முடிகிறது.

இச்சியின் முதல் படத்துக்கும் இப்படியொரு முடிவு இருந்தது. பாலத்தின் மேல் நடக்கும் சண்டையில் ஹிராத்தே, இச்சியின் வாளால் சாகிறான். யாரோ ஒரு அற்பனிடம் சாவதைவிட இது மேல் என்று விரும்பி வாங்கிக்கொண்ட சாவு. ஊர் தாதா வெற்றி விருந்து நடத்த, இச்சி அவன் முகத்துக்கு நேரே திட்டிவிட்டுக் கிளம்புகிறார். போகும் வழியில் கோயிலில் நின்று, தடி வாளைக் கொடுத்து, ஹிராத்தேயோடு சேர்த்துப் புதைத்துவிடச் சொல்கிறார். அவரை மணக்க விரும்பும் ஓட்டானே சாலையில் காத்திருக்கிறாள். அது தெரிந்து, வேறு பாதையில் மலைப்பக்கம் ஏறிப் போய்விடுகிறார். கையில் வாள் இல்லாத பார்வையற்ற தொழிலாளி ஒருவர், தனியாக.

அது 1962 ஏப்ரல். படம் ஓடியது. அக்டோபரில் இரண்டாம் படம் வந்தபோது, இச்சியின் கையில் மறுபடி வாள் இருந்தது.